மூன்று லட்சத்துக்குள் ஒரு நம்பகமான கார்

கையில் 3 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்குப் பழைய கார் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. தேட வேண்டியது 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு. மிச்சம் 60 ஆயிரம் காருக்குள்ளேயேதான் போகப்போகிறது. அதை விற்பவரிடம் கொடுத்துவிட்டால் மெக்கானிக்குக் கொடுக்கக் காசு இருக்காது. ஆல்டோவுக்கான 145/80 ஆர்12 டயர் ஒன்று சுமார் 3,000 ரூபாய் என்றால் நான்குக்கு 12,000. பேட்டரி 4,000 பக்கம். கிளட்ச் செட் போட்டால் கூலியோடு 6,000 முதல் 8,000 வரை. இன்சூரன்ஸ், நேம் டிரான்ஸ்ஃபர், முழு சர்வீஸ் எல்லாம் சேர்ந்தால் அந்த 60 ஆயிரத்தில் அவசரத்துக்கென்று கொஞ்சம்தான் மிஞ்சும். நல்ல காராகவே வாங்கியிருந்தாலும் இந்தச் செலவு உண்டு.

பழைய காரின் விலைக்கு மேல் எல்லை எது என்பதும் முதலிலேயே தெரிய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது ஆல்டோ கே10 ஆரம்ப மாடலின் ஷோரூம் விலை 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் 5 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். அது சுமார் 44,000. இன்சூரன்ஸையும் பதிவுச் செலவையும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது 4 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கார் விலையைப் பாருங்கள். ஐந்து வருடம் ஓடிய ஆல்டோவுக்கு மூன்றே முக்கால் லட்சம் கேட்பவரிடம் பேரம் பேசக்கூட வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது, நம்பகம் என்றால் என்ன என்பது. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் தரவரிசை இங்கே அதிகம் உதவாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அருப்புக்கோட்டைக்கு வெளியே வண்டி நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குக்கு அந்த எஞ்சின் பழக்கமானதா? வேண்டிய பாகம் ஊருக்குள் ஒரு கடையில் கிடைக்குமா, மதுரையிலிருந்து வர வேண்டுமா, டெல்லியிலிருந்து கூரியரில் வர வேண்டுமா? பழுதே ஆகாத கார் கிடையாது. 2,000 ரூபாயில் அன்றைக்கே சரியாகும் கார், 15 நாள் ஷெட்டில் கிடக்கும் கார் என்ற வித்தியாசம்தான் உண்டு. குறைந்த பட்ஜெட்காரருக்கு இதுவே முதல் அளவுகோல்.

அப்படிப் பார்க்கும்போது மாடலின் பெயரைவிட எஞ்சின் குடும்பம் முக்கியம். மாருதியின் 998 சி.சி. கே10பி எஞ்சின் ஆல்டோ கே10, வேகன் ஆர், செலிரியோ என்று பல உடம்புகளில் ஓடியிருக்கிறது. ஆயில் ஃபில்டர், வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், எஞ்சின் மவுண்ட் என எதற்கும் அலைய வேண்டாம். 2010-க்குப் பிந்தைய ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் அப்படியே. ஹூண்டாயில் 1.2 லிட்டர் கப்பா எஞ்சின் ஐ10, கிராண்ட் ஐ10, எக்ஸென்ட் மூன்றிலும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டிகள் என்பதால் தமிழ்நாடு முழுக்க இவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஹோண்டா பிரியோவின் எஞ்சின் முரட்டு உழைப்பாளி. அந்த மாடல் நின்றுவிட்டாலும் அமேஸுடன் நிறையப் பாகங்கள் பொது. டொயோட்டா எடியோஸ் லிவாவும் நீண்ட காலம் உழைக்கும் வண்டிதான்; 2020-இல் விற்பனை நின்றது. ஆனால் எடியோஸ் குடும்ப வண்டிகளில் டாக்ஸியாக ஓடியவை ஏராளம் என்பதால் டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டியா என்று ஆர்.சி. வரலாற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெள்ளை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஒளிந்திருக்கலாம்.

கடையை மூடிய கம்பெனிகளின் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. செவர்லே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. டாட்சன் 2022-இல் போனது. பிரேக் பேடு, ஃபில்டர், பேரிங் மாதிரி தேய்மானப் பாகங்கள் வெளிக் கம்பெனிகளிடம் கிடைக்கும். சிக்கல் அதில் இல்லை. ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, பம்பர், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றுக்குத்தான் பழைய உதிரிபாகச் சந்தையான சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். சென்னைவாசிக்கு அது சாத்தியம். தேனிக்காரருக்கு? ஃபோர்டு ஃபிகோ ஓட்டுவதற்கு அருமையான வண்டி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டில் அது ஒன்றுதான் கார் என்றால் தவிர்ப்பதே நல்லது.

டீசல் வேண்டாம். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவருக்குக் கணக்கு ஒத்துவராது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 10 ரூபாய்கூட வித்தியாசம் இல்லாத காலம் இது. ஒரு காலத்தில் ஸ்விஃப்ட் முதல் இண்டிகா விஸ்டா வரை பாதி ஊரைச் சுமந்த 1248 சி.சி. ஃபியட் மல்டிஜெட் நல்ல எஞ்சின்தான். ஆனால் ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றிய வண்டியில் டைமிங் செயின் தளர்ந்து காலையில் கடகடவென்று சத்தம் போடும். இஞ்செக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ மூன்றில் எது கைவிட்டாலும் செலவு பத்தாயிரங்களில்தான். இரண்டு வருடம் எரிபொருளில் மிச்சம் பிடித்ததை ஒரே பில் விழுங்கிவிடும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து தெற்கே இறங்கிய வண்டிகளும் சந்தையில் உண்டு, அவற்றுக்கு என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் மலிவு மறைந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் ஆசை இருந்தால், இந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் ஏ.எம்.டி. இந்தியாவில் 2014-இல் செலிரியோவோடு வந்தது. சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அந்த ஆக்சுவேட்டர் பழுதானால் லோக்கல் மெக்கானிக் கையை விரித்துவிடுவார். பழைய காரில் மேனுவலே போதும்.

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் ஆல்டோ 800, ஐ10, நானோ உள்ளிட்ட ஐந்து கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஆரம்ப வகைகள் ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கின. அதன்பின் விதிகள் மாறின. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., அந்த ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக், 2021 முடிவுக்குள் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாயின. ஆகவே ஒரே விலையில் வசதிகள் நிறைந்த 2016 கார், சாதாரண 2019 கார் இரண்டும் கிடைத்தால் மியூசிக் சிஸ்டத்தை மறந்துவிட்டு 2019-ஐ எடுக்கலாம். 2020-இல் அதே அமைப்பின் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்ற டாடா டியாகோ பட்ஜெட்டுக்குள் வந்தால் தாராளமாகப் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

இனி டைமிங் பெல்ட் விஷயம். இதை விளக்கமாகச் சொல்லக் காரணம், சிறிய பெட்ரோல் கார்களில் ஒரே நாளில் எஞ்சினைக் காலி செய்யக்கூடியது இதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் சுற்ற வேண்டும். அவற்றை இணைப்பது சில எஞ்சின்களில் செயின், சிலவற்றில் ரப்பர் பெல்ட். 796 சி.சி. ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10 ஆகியவை பெல்ட் வண்டிகள். கே10பி, 1.2 கப்பா, பிரியோ, லிவா ஆகியவை செயின். செயின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் எஞ்சினோடு வாழும். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருடங்களில் ரப்பர் வெடிக்கும். ஓடும்போது அறுந்தால் வண்டி அப்படியே நிற்கும். பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் எஞ்சின் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். பத்து வருட வண்டி, 45 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்டால் இருக்காது. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்து வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். பம்ப்பைக் கழற்ற எப்படியும் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால் கூலி ஒரே கூலி.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே வேலை தொடங்குகிறது. நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு நாள், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, எச்.பி. (வண்டி மீது கடன்) இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். நிலுவை அபராதங்களை ஈ-சலான் தளத்தில் பார்க்கலாம். பிறகு அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்க வேண்டும். ஓனர் உடன் வந்தால் எளிதில் கிடைக்கும். மீட்டரைக் குறைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2019-இல் 72,000 என்று பதிவான வண்டி இப்போது 58,000 காட்டினால் பேச்சு முடிந்தது. வரலாறு கிடைக்காத வண்டியில் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரையும், ஸ்டியரிங்கின் வழவழப்பையும், டிரைவர் சீட்டின் வெளி ஓரத்தையும் பாருங்கள். 40 ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் ரப்பர் மழுங்காது. அதே நேரம், பழைய வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. 'டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்' என்ற வாசகத்துக்குச் சந்தையில் மதிப்பு எதுவும் கிடையாது.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். நீங்கள் வரும் முன்பே வண்டி சூடேற்றி வைக்கப்பட்டிருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பல நோய்கள் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். காபி நுரை மாதிரி வெளிர் பழுப்பில் படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும்; ஹெட் கேஸ்கெட் வேலை இருக்கலாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், அதுவும் துரு நிறத்தில் இருந்தால், பராமரிப்பின் லட்சணம் தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் இன்னொருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முதல் சில நொடி மட்டும் வந்து நின்றால் வால்வ் சீல், தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் வேலை. முன்னதைத் தாங்கலாம், பின்னது வண்டி விலையில் கணிசமான பங்கு. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சென்சார் அல்லது இஞ்செக்டர் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏ.சி.யைப் போட்டு 15 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா, வெப்ப முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இந்தியச் சிறு கார்களைக் கொல்வதில் சுற்றாத ஃபேனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபேன் மோட்டாரையோ ரிலேயையோ மாற்றச் சோம்பல்பட்டு எஞ்சினையே கொதிக்கவிடுவார்கள். குளிர் குறைவாக இருந்தால் 'கேஸ் மட்டும் போட்டா போதும்' என்பார் விற்பவர். மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அது கூலிங் காயிலாக இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதைப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டாம். நான்காவது கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் டக் டக் என்ற சத்தம் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்ததைக் காட்டும். கரடுமுரடான ரோட்டில் முன்பக்கம் லொடலொடத்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ். இவை மலிவு, பேரத்துக்கு உதவும். ஸ்டியரிங்கைச் சற்றே விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அலைன்மென்ட்டில் சரியானால் நல்லது. சரியாகாவிட்டால் சேசிஸ் வளைந்திருக்கக்கூடும்.

அடிபட்ட வண்டியைப் பெயின்ட் மறைக்கும், போல்ட் மறைக்காது. பானெட், ஃபெண்டர், கதவுக் கீல் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் பில்லரில் கம்பெனி அடித்த ஸ்பாட் வெல்டுகள் வரிசையாக, வட்டமாகத் தெரியும். அங்கே வழவழவென்று பட்டி பூசியிருந்தால் பில்லர் வேலை நடந்திருக்கிறது. பம்பர் உரசல், கதவு நசுங்கல் எல்லாம் நம் ஊரில் சகஜம், அதற்காக நல்ல எஞ்சினை விட வேண்டாம். பில்லரும் முன் சேசிஸ் கையும் அடிபட்ட வண்டி மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி ரகம். 2015 டிசம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைகளுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும், சுருளின் உள்ளே சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்தல் ஆகியவையும் சாட்சிகள். இந்த வண்டிகளின் நோய் உடனே தெரியாது. கனெக்டருக்குள் அரிப்பு மெல்லப் பரவி, ஓரிரு வருடம் கழித்து ஒவ்வொரு மின்சாதனமாகக் காலை வாரும். கடலோர ஊர் வண்டிகளில் கதவின் அடி விளிம்பையும் வீல் ஆர்ச்சையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தேறினால் சொந்தமாக ஒரு மெக்கானிக்கை 1,000, 1,500 கொடுத்து அழைத்துப் போய் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டலாம். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம். 2013-க்குப் பிந்தைய வண்டி என்றால் ஸ்கேனரும் மாட்டச் சொல்லுங்கள். எரர் கோடு ஒன்றுமில்லை என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். எஞ்சின் கணினியின் சுய பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று நிறைய காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் எரர் கோடுகள் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம்.

பேப்பர் வேலையில் தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு, அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதனால் ஆர்.சி.யில் குறைந்தது நான்கைந்து வருடம் மிச்சமிருக்கும் வண்டியே மறுபடி விற்கும்போதும் விலை போகும். கடன் முடிந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தரக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி.

இன்சூரன்ஸில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி புது ஓனருக்கு வந்துவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்தத் தள்ளுபடித் தொகையைக் கட்டச் சொன்னால் கட்ட வேண்டியதுதான். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416. எஞ்சின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசமும் வருடா வருடம் வரும் என்பதை நினைவில் வைக்கலாம்.

வாங்கிய வாரத்தில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இக்காலத்தில் பழைய வண்டியின் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். விலை சில நூறுதான். பெட்ரோல் கசிந்தால் விளைவு வேறு.

விற்பவருக்கும் ஒரு சொல். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்று வருடங்கள் ஆகியும் பெயர் மாறாத வண்டிகள் இங்கே ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. கார் கன்சல்டிங் கடையில் விட்டுவிட்டு வந்தாலும் பெயர் மாறியதா என்று செயலியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாவி கைமாறும்போது எழுதும் டெலிவரி நோட்டில் கிலோமீட்டர், இரு தரப்புக் கையெழுத்து, தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை 10 மணிக்கு சிக்னலில் விழுந்த அபராதம் யாருடையது, 11 மணிக்கு விழுந்தது யாருடையது என்று பிறகு பேச அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.